பன்றிக்கு ஒரு கணக்கு, யானைக்கு வேறு கணக்கு

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் ஊர் காப்புக்காட்டை ஒட்டியிருக்கிறது. முன்பெல்லாம் எப்போதாவது வந்த பன்றி இப்போது தினமும் வருகிறது. மயிலும் குரங்கும் பெருகிவிட்டன. மோர்தானா பக்கம் யானை இறங்குகிறது. சிறுத்தை பயம் வேறு. இவற்றின் எண்ணிக்கையை அரசு ஏன் கட்டுப்படுத்துவதில்லை? இதற்கென்று கோட்பாடு எதுவும் இருக்கிறதா, அல்லது எல்லாவற்றுக்கும் 'சட்டம் இருக்கிறது' என்பதுதான் பதிலா?"

கோட்பாடுகள் இருக்கின்றன. பழைய வட ஆற்காட்டில், ஜவ்வாது மலையிலிருந்து பேரணாம்பட்டுக் காடுவரை, அவற்றில் பலவற்றை மீறியதால்தான் விவசாயியும் விலங்கும் சேர்ந்து அடிபடுகிறார்கள் என்பது என் கருத்து. கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம். பன்றி, மயில், குரங்கு, யானை, சிறுத்தை என ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். தொல்லை என்ற அளவில் அது சரி. ஆனால் இவை ஐந்தும் பிறக்கும் வேகம் வேறு, சாகும் காரணம் வேறு, ஓர் இடத்தில் தங்குவதற்கான காரணமும் வேறு. ஒன்றுக்குப் பலன் தரும் வழி இன்னொன்றின் விஷயத்தில் நிலைமையை மோசமாக்கும். அதனால் இந்தத் துறையில் எதையும் ஆரம்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பிராணியின் எண்ணிக்கையை இந்த இடத்தில் எது நிர்ணயிக்கிறது?" என்பதுதான்.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வருகிறது, மதகு வழியாகப் போகிறது, கரையின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் நிற்கும். ஒரு காட்டில் ஒரு விலங்கின் தொகையும் இப்படித்தான். பிறப்பும் வெளியிலிருந்து வந்து சேர்வதும் வரத்து. சாவும் வெளியேறுவதும் போக்கு. கிடைக்கிற தீனி, தண்ணீர், பதுங்க இடம் மூன்றும் சேர்ந்ததே கரையின் உயரம். இதைத் தாங்குதிறன் என்பார்கள். ஏரியிலிருந்து பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்கலாம். கரையும் கால்வாயும் அப்படியே இருந்தால் அடுத்த மழைக்கு ஏரி திரும்ப நிரம்பும். சுட்டுக் குறைப்பது மட்டுமே திட்டமாக இருக்கும் இடங்களில் எல்லாம் நடப்பது இதுதான்.

பன்றியையே எடுத்துக்கொள்வோம், உங்களுக்கு அதிக நஷ்டம் தருவது அதுதான். பன்றியின் சினைக்காலம் நான்கு மாதத்துக்குள். ஒரு ஈற்றில் நான்கு, ஐந்து, சில சமயம் அதற்கும் மேல் குட்டிகள். தீனி நன்றாகக் கிடைத்தால் ஒரு வயதை ஒட்டியே பெண் பன்றி சினைப்பட்டுவிடும். ஒரு பேச்சுக்கு, உங்கள் ஊரைச் சுற்றி 100 பன்றிகள், அதில் 40 ஈனும் பருவத்துப் பெண்கள் என்று வையுங்கள். ஆளுக்கு நான்கு குட்டி போட்டு அதில் பாதி பிழைத்தால் ஓராண்டில் 80 புதிதாகச் சேரும். நீங்கள் பெரும்பாடு பட்டு 40 பன்றிகளைக் கொன்றாலும் அடுத்த ஆண்டு 100க்குப் பதில் 140 இருக்கும். அதோடு நிற்காது. 40 போனதால் மிச்சமிருப்பவற்றுக்குத் தலைக்குத் தீனி கூடுகிறது. குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன, இளம் பெண் பன்றிகள் சீக்கிரம் ஈனுகின்றன. கூட்டம் தாங்குதிறனுக்கு அருகில் நெருக்கிக்கொண்டு இருக்கும்போது பெருகும் வேகம் குறைவு. அதில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கும்போதுதான் வேகம் உச்சத்தில் இருக்கும். ஆகவே அரைகுறையாகச் சுடுவது பன்றித் தொகையை மிக வேகமாகப் பெருகும் நிலையில் கொண்டுபோய் வைக்கிறது. உண்மையாகவே குறைய வேண்டுமானால் ஆண்டுதோறும் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த ஊரிலும் அது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் கரையைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் பன்றியின் தாங்குதிறனை உயர்த்தியது யார்? காடு இல்லை. காட்டில் கிழங்கும் வேரும் தோண்டித் தின்று வாழும் பன்றிக்கு மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லையும் கரும்புத் தோட்டமும் ராஜ விருந்து. அதைவிட முக்கியமானது பகலில் படுத்துக்கொள்ள இடம். தூர்ந்துபோன ஏரிகளிலும் பாலாற்றுப் படுகையிலும் ஓடைக் கரைகளிலும் சீமைக் கருவேலம் ஆள் நுழைய முடியாத புதராக நிற்கிறது. பன்றிக்கு இதைவிட நல்ல வீடு வேறு எங்கும் கிடைக்காது. காப்புக்காட்டிலிருந்து எவ்வளவோ தூரத்தில் இருக்கும் ஊர்களில் பன்றி எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். பல இடங்களில் அவை தினமும் காட்டிலிருந்து வருவதே இல்லை. ஏரிக்குள்ளேயே குடியிருந்து அங்கேயே ஈனுகின்றன. மூன்றாவது, குப்பை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று எந்த ஊருக்கு வெளியே போனாலும் கோழிக்கழிவும் இறைச்சிக்கழிவும் ஏரிக்கரையில் கொட்டிக் கிடக்கிறது. பன்றி அதைத் தின்கிறது. தெருநாய் அதைத் தின்று பெருகுகிறது. அந்த நாய்கள் கோடையில் தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமானைக் கடித்துக் கொல்கின்றன. அந்த நாயைத் தேடித்தான் சிறுத்தை ஊர் ஓரத்துக்கு வருகிறது. ஒரு மூட்டைக் கழிவில் தொடங்குகிற சங்கிலி இது. வனத்துறை தனியாக இதை அறுக்க முடியாது, ஏனென்றால் கழிவு கொட்டுமிடம் அவர்கள் எல்லையிலேயே இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்ட பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரைச் சேதப்படுத்தினாலும் அதைக் கொல்ல மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். யானை, சிறுத்தை, மயில் முதலியவை முதல் அட்டவணை. அவற்றுக்குப் பயிர்ச்சேதம் ஒரு காரணமே ஆகாது. மனித உயிருக்கு ஆபத்து என்றாலும், பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று உறுதியான பிறகுதான் கொல்ல உத்தரவிட முடியும். இந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகவே படுகிறது. முன்னே சொன்ன பிறப்பு வேகத்தோடு அது ஓரளவு ஒத்துப்போகிறது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் பன்றிக்கென்று தனி ஏற்பாடு கொண்டுவந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர் சுடலாம். காட்டோரத்து விவசாயிகளுக்கு இது கோபம் தந்தது எனக்குத் தெரியும். "நஷ்டம் எங்களுக்குத்தானே அதிகம், எங்களுக்கு மட்டும் ஏன் தடை?" என்று கேட்டார்கள். அவர்கள் நஷ்டம் உண்மை. இருந்தாலும் அந்த ஒரு கிலோமீட்டர் தடையை நான் ஆதரிக்கிறேன். புலி இல்லாத நம் காடுகளில் பன்றிக்குட்டியையும் மானையும் தின்று வாழும் பெரிய வேட்டைப்பிராணி சிறுத்தைதான். காட்டோரத்தில் அதன் இரையைத் துடைத்துவிட்டால் அது ஆட்டுப்பட்டிக்குத்தான் வரும். பன்றித் தொல்லையை ஒழித்துச் சிறுத்தைத் தொல்லையை வாங்கிய கதையாகிவிடும். காட்டோரத்து நிலத்துக்குத் தேவை துப்பாக்கியைவிட வேலியும் உடனடி இழப்பீடும். இழப்பீடு அறுவடை முடிந்து, கடன் வட்டி ஏறி, அடுத்த விதைப்புக்கும் பிறகு வருமானால் அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்லவே கூடாது. காட்டு விலங்கின்மேல் ஒரு கிராமத்துக்கு இருக்கும் பொறுமை இந்த ஒரு விஷயத்தில்தான் தீர்ந்துபோகிறது.

அந்தப் பொறுமை தீர்ந்த இடத்தில் வருவது அவுட்டுக்காய் என்ற, தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியும் திருட்டு மின்வேலியும். இவற்றைப் பற்றி மென்மையாகப் பேச என்னால் முடியாது. மேலாண்மைக் கோட்பாடுகளில் அடிப்படையான ஒன்று, எந்த விலங்கைக் குறிவைக்கிறோமோ அதை மட்டுமே தொடுகிற முறை வேண்டும் என்பது. மின்வேலி பன்றியைத் தேர்ந்தெடுக்காது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரரும் அதில்தான் சாகிறார், யானையும் அதில்தான் சாகிறது. பழத்தில் வைத்த வெடியைப் பசுவும் கடிக்கும். வாய் சிதைந்த விலங்கு உடனே சாவதில்லை, நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. மயிலுக்கு வைக்கும் விஷ தானியமும் அப்படியே, அதில் முதலில் விழுவது பெரும்பாலும் வேறு பறவைகள்.

யானைக்கு வருவோம். இங்கே கணக்கு தலைகீழ். கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதம், ஒரு கன்று, அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு. 100 யானைகளில் ஈனும் வயதுப் பெண் யானைகள் 30 இருந்தால் ஆண்டுக்கு ஆறு கன்றுகள் பிறக்கும், எல்லாம் பிழைக்கவும் செய்யாது. பன்றியில் 40ஐக் கொன்றும் கூட்டம் பெருகியது. யானையில் ஆண்டுக்கு ஐந்தாறு மின்சாரத்தில் போனால் அந்தக் கூட்டம் வளரவே வளராது. மெதுவாகப் பெருகும் விலங்குக்குச் சாவைத் தடுப்பதே மேலாண்மை. வேகமாகப் பெருகும் விலங்குக்குத் தீனியையும் மறைவிடத்தையும் குறைப்பது மேலாண்மை.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிக்கு வரும் யானைகள் ஆந்திரத்துக் கவுண்டின்யா சரணாலயத்தைச் சேர்ந்த கூட்டத்தோடு தொடர்புடையவை. சித்தூர் பக்கம் தலைமுறை தலைமுறையாக யானையே இல்லாமல் இருந்து, 1980களில் ஓசூர், கர்நாடகக் காடுகளிலிருந்து அவை வந்தன. பிறகு 1990இல் சரணாலயம் அறிவித்தார்கள். அந்தக் காடு பலமனேர், குப்பம் பக்கம் தொடங்கி நம் எல்லைவரை நீளமாகக் கிடக்கிறது, சுற்றிலும் வயல். இந்தப் பக்கம் இறங்கினால் நம் ஊழியர் பட்டாசு வெடித்து அந்தப் பக்கம் விரட்டுகிறார்கள். அந்தப் பக்கம் இறங்கினால் அவர்கள் இந்தப் பக்கம் விரட்டுகிறார்கள். யானைக் கூட்டம் ஒன்று, மாநிலம் இரண்டு, திட்டமும் இரண்டு. வேலூர், திருப்பத்தூர் மாவட்ட எல்லையோ மாநில எல்லையோ விலங்குத் தொகைக்கு எல்லை ஆகாது. அது உண்மையில் எங்கிருந்து எங்குவரை நடக்கிறதோ அந்த முழுப் பரப்பும் ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும். இரண்டு மாநில ரேஞ்சர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்து, கூட்டம் எங்கே நிற்கிறது என்று அன்றன்றைக்குச் சொல்லிக்கொண்டாலே பாதிக் கலவரம் குறையும்.

"பிடித்து வேறு காட்டில் விட்டுவிடலாமே" என்பது அடுத்து வரும் யோசனை. ஜவ்வாது மலை, திருவண்ணாமலைப் பக்கம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த ஆறு யானைகளை 2013 ஆகஸ்டில் கும்கிகளை வைத்துப் பிடித்து முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அது சிறிய, தனித்துப்போன கூட்டம், சுற்றிலும் மக்கள். வேறு வழி இருக்கவில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் காட்டிலிருந்து காட்டுக்கு மாற்றுவது வேறு. கேரளத்துச் சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை மே மாதமே கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. ஜூனில் தமிழ்நாடு மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட வேண்டியதாயிற்று. விலங்கை இடம் மாற்றலாம், அதன் பழக்கத்தை மாற்ற முடியாது. போகிற ஊர் மக்களிடம் தொல்லையைக் கைமாற்றிவிடுவதற்கு மேலாண்மை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிறுத்தை விஷயத்தில் இது இன்னும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பகுதியில் கரும்புத் தோட்டங்களில் வாழ்ந்த சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு இடங்களில் விட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேர் தாக்கப்பட்டார்கள். 2001இல் இடமாற்றம் தொடங்கிய பிறகு அது 17 ஆனது. வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இந்தக் கணக்கை ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் சுவரில் ஒட்ட வேண்டும். காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ஊர் ஓரத்தில் ஆள் கண்ணில் படாமல் நாய் தின்று வாழ்ந்த வயது வந்த சிறுத்தையைத் தூக்கிவிட்டால் அதன் எல்லை காலியாகிறது. அங்கே இளம் சிறுத்தைகள் போட்டி போட்டு நுழைகின்றன. தூக்கிக்கொண்டுபோய் விட்டதோ தெரியாத இடத்தில் பதற்றத்தோடு திரிகிறது.

அதற்காக எந்தச் சிறுத்தையையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்தார். அப்படி மனிதரைக் கொன்ற விலங்கை அடையாளம் கண்டு அகற்றியே ஆக வேண்டும், அதில் தயக்கம் கூடாது. அதே ஆண்டு ஜூனில் திருப்பத்தூரில் பள்ளி வளாகத்தில் புகுந்த சிறுத்தையை மயக்க ஊசி போட்டுப் பிடித்ததும் சரியான செயல். தனி விலங்கு ஒன்றின் பிரச்சினை வேறு, தொகையின் பிரச்சினை வேறு. முதலாவதற்கு அந்த விலங்கைத் தேட வேண்டும். "எங்காவது கூண்டு வையுங்கள், எது விழுந்தாலும் சரி" என்று கேட்பது முதலாவதையும் தீர்க்காது, இரண்டாவதையும் தீர்க்காது. கொன்ற சிறுத்தை வெளியே இருக்க, கூண்டில் வேறொன்று விழுந்து ஊர் நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் மிக ஆபத்தான நிலை.

குரங்குக்குக் கருத்தடை என்பதே பெரும்பாலோர் சொல்லும் தீர்வு. இமாச்சலப் பிரதேசம் 2007 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்கு அதைச் செய்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் பிராணிக்கு இது பொருந்துகிற வழி. ஆனால் அவ்வளவு பெரிய அளவில், அவ்வளவு ஆண்டு விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஏலகிரி மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் பிஸ்கட் போடுவது நிற்காதவரை இங்கே எதுவும் தொடங்க வேண்டாம். மயிலுக்கு நேரடி வழி இல்லை. விதைத்து முளை வரும் நாட்களில் காவல் ஒன்றே பலன் தருகிறது.

எண்ணிக்கை கூடினால்தான் மேலாண்மை என்று நினைக்கிறோம். குறையும்போதும் அதே முறையில் காரணத்தைத் தேட வேண்டும். பாறுக் கழுகுகள் நாடு முழுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தபோது நோய், மரமின்மை, பூச்சிமருந்து என்று பல காரணங்கள் பேசப்பட்டன. கடைசியில் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபீனாக் வலிமருந்து என்று தெரிந்து, 2006இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. காரணம் தெரியாமல் எத்தனை சரணாலயம் அறிவித்திருந்தாலும் ஒரு கழுகைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அடுத்தது எண்ணுதல். தமிழ்நாட்டு யானைகள் 2023இல் 2,961, 2024இல் 3,063, 2025இல் 3,170 என்று கணக்கெடுப்பு சொன்னது. அண்டை மாநிலங்களோடு ஒரே நாட்களில் எடுப்பது நல்ல முறை, இரட்டை எண்ணிக்கை குறையும். ஆனால் இவை மதிப்பீடுகள், தலையெண்ணிக்கை அல்ல. மாநில மொத்தம் பேரணாம்பட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லாது. உங்கள் ஊருக்கு வேண்டியது வேறு வகைத் தகவல். ஒரே பாதையில் மாதாமாதம் நடந்து கால்தடம், எச்சம் குறிப்பது, கேமராப் பொறியில் விழும் படங்கள், சேதமான நிலத்தின் அளவு, இவை போதும். பன்றி எத்தனை என்று தெரியாவிட்டாலும் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும். எந்த நடவடிக்கைக்கும் முன்னால் "இது பலித்தால் எது மாற வேண்டும்" என்று எழுதி வைத்து, ஓராண்டு கழித்துப் பார்த்து, மாறவில்லை என்றால் முறையை மாற்றுவது இந்தத் துறையின் மிக எளிய ஒழுங்கு, அதிகம் கைவிடப்படுவதும் அதுதான். பீகாரில் மொகாமாவில் 2016இல் வெளியிலிருந்து வேட்டைக்காரர்களை வரவழைத்து பயிரை மேய்ந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட நீலான்களை (நீல்காய்) சுட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த மாநிலத்தில் சுடுவது நிற்கவில்லை. குறிவைத்தது தலைகளின் எண்ணிக்கை, பயிர்ச்சேதம் அல்ல.

உங்கள் ஊரில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பன்றி, யானைச் சேதம் எது நடந்தாலும் தேதி, சர்வே எண், பயிர், சேதமான சென்ட், போட்டோ என்று ஒரே நோட்டில் ஊர் முழுவதற்கும் எழுதுங்கள். தனித்தனி மனுவைவிட இரண்டு சாகுபடிப் பட்டத்துக்கான அந்த நோட்டு ரேஞ்சர் அலுவலகத்தில் அதிகம் பேசும். இழப்பீட்டுக்கும் அதுவே சான்று, பன்றி சுட அனுமதி கேட்கும் மனுவுக்கும் அதுவே ஆதாரம். கோழிக்கடைகள் கழிவை எங்கே கொட்டுகின்றன என்பதை ஊராட்சியில் கேளுங்கள். ஏரியில் நிற்கும் சீமைக் கருவேலத்தை அகற்றத் தீர்மானம் போடுங்கள். வெட்டினால் தழைத்துவிடும், வேரோடு எடுக்க வேண்டும். ஒரே நாளில் மொத்தமாக எடுத்தால் உள்ளே இருக்கும் பன்றிகள் நேராக நிற்கும் பயிருக்குள் பாயும், ஆகவே நிலம் தரிசாக இருக்கும்போது காட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் காடு நோக்கி நகர்த்தியபடி எடுக்க வேண்டும். மே 1 கிராம சபையில் தீர்மானம் வைத்தால் ஏரி காய்ந்திருக்கும்போதே இயந்திரம் இறங்கும், ஆடியில் மல்லாட்டை விதைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.